காற்றை நம்பிப் புறப்படும் கப்பல்

மேற்கிந்தியத் தீவுகள் என்றதும் உங்களுக்குக் கிரிக்கெட் ஆட்டக்காரர்கள்தாம் நினைவுக்கு வருவார்கள். அந்த ஆட்டக்காரர்களில் பலரைத் தந்த பார்படோஸ் தீவின் தலைநகரம் பிரிட்ஜ்டவுன். டிசம்பர் முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் அந்தத் துறைமுகத்தில் விந்தையான ஒரு கப்பலைக் காணலாம். அதன் பெயர் ‘ராயல் கிளிப்பர்’. நீளம் 134 மீட்டர். ஐந்து பாய்மரங்கள். அவற்றில் 42 பாய்கள். எல்லாப் பாய்களையும் விரித்தால் மொத்தப் பரப்பு 5,000 சதுர மீட்டருக்கும் மேல். ஜெர்மனியில் 1902ஆம் ஆண்டு கட்டப்பட்ட ‘பிராய்சன்’ என்னும் சரக்குக் கப்பலை முன்மாதிரியாகக் கொண்டு அமைக்கப்பட்ட இந்தக் கப்பல், 2000ஆம் ஆண்டில் பயணத்தைத் தொடங்கியது.

இதில் சரக்கு ஏற்றுவதில்லை. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பனி கொட்டும் காலத்தில், வெயிலையும் நீலக் கடலையும் நாடி வரும் சுற்றுலாப் பயணிகள் சுமார் 227 பேர் இதில் ஏறிக்கொள்கிறார்கள். விருப்பமுள்ளவர்கள் மாலுமிகளோடு சேர்ந்து கயிறு இழுக்கலாம். இடுப்பில் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொண்டு பாய்மரத்தில் ஏறலாம். கப்பலின் முன்மூக்கின் கீழே கட்டிய வலையில் படுத்துக்கொண்டு, கீழே கடல் பிளந்து செல்வதை வேடிக்கை பார்க்கலாம்.

கப்பலில் இயந்திரமும் உண்டு. துறைமுகத்தில் நுழையும்போதும் காற்று ஓய்ந்துவிட்டபோதும் அது உதவும். ஆனால், பயணிகள் பணம் கொடுத்து வருவது காற்றினால் ஓடும் கப்பலைத் தேடித்தான்.

இங்கே உங்களுக்கு ஓர் ஐயம் எழ வேண்டும். காற்று வீசும் திசையில்தானே பாய்மரக் கப்பல் போகும்? போன கப்பல் திரும்பி வருவது எப்படி? இன்ன நாளில் இன்ன தீவு, ஒரு வாரத்தில் மறுபடியும் பிரிட்ஜ்டவுன் என்று கால அட்டவணை அச்சிடும் துணிவு எங்கிருந்து வந்தது? காற்றை அவ்வளவு தூரம் நம்பலாமா?

நம்பலாம். ஆனால் எதுவரை நம்பலாம் என்பதையும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டையும் பார்ப்போம்.

நாள் தவறாமல் வீசும் காற்று

நம் நாட்டில் தென்மேற்குப் பருவக்காற்று, வடகிழக்குப் பருவக்காற்று என ஆண்டுக்கு இருமுறை காற்றின் திசை மாறுகிறது. கரீபியன் கடலில் அப்படியல்ல. ஆண்டு முழுவதும் பெரும்பாலும் கிழக்கு அல்லது வடகிழக்கிலிருந்தே காற்று வீசுகிறது. இதுதான் நீங்கள் புவியியல் பாடத்தில் படித்த வியாபாரக் காற்று.

இது எப்படி உண்டாகிறது? பூமத்திய ரேகை அருகே சூரிய வெப்பம் மிகுதி. அங்கே காற்று சூடேறி மேலெழுகிறது. அந்த இடத்தை நிரப்ப வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் தரையை ஒட்டிக் காற்று விரைகிறது. பூமி சுழலாமல் நின்றால், வடபகுதியில் இது நேர் வடக்குக் காற்றாக இருந்திருக்கும். ஆனால் பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது. பூமத்திய ரேகையில் உள்ள ஓர் இடம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கே செல்கிறது. 30 பாகை அட்சரேகையில் உள்ள இடமோ சுமார் 1,450 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்கிறது. வடக்கேயிருந்து வரும் காற்று, குறைந்த கிழக்கு வேகத்துடன் புறப்பட்டு, மிகுந்த வேகத்துடன் ஓடும் தரையின்மேல் வந்து சேர்கிறது. ஆகவே அது பின்தங்குகிறது. தரையில் நிற்பவருக்கு அது கிழக்கிலிருந்து வருவதாகத் தோன்றும். இவ்வாறு பூமியின் சுழற்சியைக் கொண்டு விளக்கம் தந்தவர் ஜார்ஜ் ஹாட்லி என்னும் ஆங்கிலேயர், ஆண்டு 1735. இன்றைய விளக்கம் இன்னும் நுட்பமானது என்றாலும், அடிப்படைக் கருத்து இதுதான்.

ஹாட்லிக்கு வெகு முன்பே மாலுமிகள் இந்தக் காற்றைப் பயன்படுத்திக்கொண்டார்கள். 1492இல் கொலம்பஸ், ஸ்பெயினிலிருந்து நேராக மேற்கே போகவில்லை. முதலில் தெற்கே கேனரித் தீவுகளுக்கு இறங்கி, அங்கிருந்து இந்தக் காற்றின் முதுகில் ஏறித்தான் அட்லாண்டிக் பெருங்கடலைக் கடந்தார்.

வரிசையாய் நிற்கும் தீவுகள்

இப்போது அட்லஸைத் திறந்து கரீபியன் கடலின் கிழக்கு ஓரத்தைப் பாருங்கள். டொமினிக்கா, மார்ட்டினிக், செயின்ட் லூசியா, செயின்ட் வின்சென்ட், கிரனடா ஆகிய தீவுகள் வடக்கு தெற்காக ஒரு வில் போல வரிசையாய் நிற்கின்றன. அட்லாண்டிக் தரைத்தட்டு கரீபியன் தட்டின் அடியில் செருகிச் செல்வதால் எழுந்த எரிமலைத் தீவுகள் இவை. ஆங்கிலத்தில் இவற்றுக்குக் ‘காற்று வரும் பக்கத்துத் தீவுகள்’ என்று பொருள்படும் பெயரே இருக்கிறது.

தீவு வரிசை வடக்கு தெற்கு. காற்று கிழக்கிலிருந்து. அப்படியானால் தெற்கே போகும்போது காற்று கப்பலின் இடப்பக்கத்தில் படும். வடக்கே திரும்பும்போது வலப்பக்கத்தில் படும். போக்கிலும் வரவிலும் பக்கவாட்டுக் காற்றுதான்! பாய்மரக் கப்பலுக்கு இதைவிட வசதியான அமைப்பு வேறில்லை. இதன் காரணத்தைச் சற்றுப் பின்னால் பார்ப்போம்.

இன்னொரு வசதியும் உண்டு. இந்தத் தீவுகள் உயரமானவை. செயின்ட் லூசியாவின் கடலோரத்தில் நிற்கும் பீட்டோன் சிகரங்கள் இரண்டும் 700 மீட்டருக்கும் அதிக உயரம் கொண்டவை. கிழக்கிலிருந்து வரும் காற்றையும் அலையையும் மலைகள் தடுத்துவிடுவதால், மேற்குக் கரைகள் காற்று மறைவுப் பக்கங்களாக அமைந்து, அமைதியாக இருக்கின்றன. காஸ்ட்ரீஸ், ரோசோ, ஃபோர் தெ ஃபிரான்ஸ் ஆகிய துறைமுக நகரங்கள் மேற்குக் கரையில் அமைந்திருப்பது தற்செயலன்று. ஆனால் அதே மறைவில் பாய்கள் தொய்ந்துபோவதும் உண்டு. அப்போது இயந்திரத்தை முடுக்க வேண்டியதுதான்.

புளியங்கொட்டையும் பாயும்

பக்கவாட்டில் வீசும் காற்று கப்பலை எப்படி முன்னோக்கிச் செலுத்தும்? ஈரமான புளியங்கொட்டை ஒன்றை ஆள்காட்டி விரலுக்கும் கட்டைவிரலுக்கும் இடையே வைத்து அழுத்துங்கள். விரல்கள் இரண்டும் பக்கவாட்டில்தான் அழுத்துகின்றன. கொட்டையோ முன்னோக்கிப் பாய்கிறது. பாய்மரக் கப்பலும் இப்படித்தான் இரு விரல்களுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்கிறது. ஒரு விரல் காற்று. மற்றொரு விரல் கடல்நீர்.

பாயில் மோதும் காற்று அதன் வளைந்த பரப்பை ஒட்டித் திசை திரும்புகிறது. பாய் காற்றைத் திருப்புகிறது என்றால், நியூட்டனின் மூன்றாம் விதிப்படி காற்றும் பாயைத் தள்ளுகிறது. இந்த விசை ஏறத்தாழப் பாயின் தளத்துக்குச் செங்குத்தாக இருக்கும்.

காற்று நேர் பக்கவாட்டில் வீச, பாயைக் கப்பலின் நீளவாட்டத்துக்கு 45 பாகைச் சாய்வில் நிறுத்தியிருப்பதாக வைத்துக்கொள்வோம். பாயின்மேல் படும் விசையை இரண்டு கூறுகளாகப் பிரியுங்கள். ஒன்று கப்பலை முன்னே தள்ளும். மற்றொன்று பக்கவாட்டில் தள்ளும். இரண்டும் சமம்; ஒவ்வொன்றும் மொத்த விசையில் சுமார் 0.7 பங்கு. இனி நீரின் வேலை. கப்பலின் உடல் நீண்டு குறுகியது. அடியில் முதுகெலும்பு போல நீளவாட்டில் ஓடும் பகுதியும் உண்டு. முன்னோக்கிச் செல்லும்போது நீர் எளிதில் விலகி வழிவிடும். பக்கவாட்டில் நகர வேண்டுமானால், அந்த நீண்ட உடல் முழுவதும் நீரைத் தள்ள வேண்டும். நீர் விடாது. ஆகவே பக்கவாட்டுக் கூறு பெரும்பாலும் அடங்கிப்போக, முன்னோக்கிய கூறு கப்பலை ஓட்டுகிறது.

சரி, காற்று வரும் திசையை நோக்கியே செல்ல முடியுமா? நேருக்கு நேர் முடியாது. ஆனால் சாய்வாக முடியும். காற்று வரும் திசைக்கு 60 பாகை சாய்வில் கப்பலைத் திருப்பி, பாயை அந்தக் கோணத்தின் நடுவே, அதாவது கப்பலின் நீளவாட்டத்துக்கு 30 பாகையில் நிறுத்துங்கள். சைன் 30° என்பது ½ அல்லவா? பாயின்மேல் படும் விசையில் பாதி முன்னோக்கிக் கிடைக்கும். சிறிது தூரம் இடப்புறமாகவும், பிறகு திரும்பி வலப்புறமாகவும் இப்படி வளைந்து வளைந்து சென்றால், காற்றுக்கு எதிராகவும் முன்னேறலாம்.

ஆனால் அதற்கு விலை உண்டு. காஸ் 60° என்பதும் ½ தான். காற்றை எதிர்த்து 10 கிலோமீட்டர் முன்னேற 20 கிலோமீட்டர் ஓட வேண்டும். கரீபியன் தீவுகள் எல்லாம் கிழக்கு மேற்காக வரிசையிட்டிருந்தால், திரும்பும் பயணம் இரு மடங்கு நீண்டிருக்கும். வடக்கு தெற்கு வரிசை ஏன் வசதியானது என்று இப்போது புரிகிறதல்லவா?

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். எளிதில் உருளும் ஒரு சிறு விளையாட்டு வண்டியின்மேல், ஈர்க்குச்சியில் செருகிய அஞ்சலட்டையைப் பாயாக நிறுத்துங்கள். மேசை விசிறிக்குக் குறுக்கே வண்டியை வைத்து, அட்டையை 45 பாகை திருப்புங்கள். வண்டி காற்றின் திசையில் போகாமல், காற்றுக்குக் குறுக்கே ஓடும். கப்பலுக்கு நீர் செய்யும் வேலையை இங்கே சக்கரங்கள் செய்கின்றன.

ஏன் கவிழவில்லை?

அடங்கிப்போன பக்கவாட்டு விசை காணாமற் போய்விடவில்லை. காற்று மேலே பாயைத் தள்ளுகிறது. நீர் கீழே உடலைத் தடுக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்து கப்பலைச் சாய்க்கப் பார்க்கின்றன. அந்த விசை எவ்வளவு என்று கணக்கிடுவோம்.

காற்றின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1.2 கிலோகிராம். வியாபாரக் காற்றின் வேகம் விநாடிக்கு 10 மீட்டர் என்று கொள்வோம். அது தரும் அழுத்தம் அடர்த்தியில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் கிடைக்கும். ½ × 1.2 × 10 × 10 = 60. அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 60 நியூட்டன். 5,000 சதுர மீட்டர் பாய்க்கு 3 லட்சம் நியூட்டன். இது ஏறத்தாழ 30 டன் எடைக்குச் சமம். பாயின் வடிவத்தையும் கோணத்தையும் பொறுத்து இது கூடும், குறையும். எப்படியானாலும், உயரத்தில் நின்று கப்பலைச் சாய்க்கும் விசை சிறியதன்று.

தஞ்சாவூர்ப் பொம்மையை நினைத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு சாய்த்தாலும் அது நிமிர்ந்துவிடுகிறது. அடியில் கனம் இருப்பதே காரணம். கப்பலின் அடித்தளத்திலும் கனமான பொருள்களை வைத்து ஈர்ப்பு மையத்தைத் தாழ்த்துகிறார்கள். அதோடு, கப்பல் சாயும்போது நீரில் அமிழும் பக்கம் பெரிதாவதால், மிதப்பு மையம் அந்தப் பக்கம் நகர்கிறது. எடை கீழ்நோக்கியும் மிதப்பு விசை மேல்நோக்கியும் வெவ்வேறு கோட்டில் இயங்குவதால், கப்பலை நிமிர்த்தும் திருப்புத்திறன் பிறக்கிறது. ஆனால் தஞ்சாவூர்ப் பொம்மைக்கு இல்லாத ஓர் எல்லை கப்பலுக்கு உண்டு. ஒரு குறிப்பிட்ட கோணத்துக்குமேல் சாய்ந்தால், நிமிர்த்தும் திறன் குறையத் தொடங்கிவிடும்.

எனவே காற்று வலுத்தால் பாயைக் குறைக்க வேண்டும். எவ்வளவு? மேலே உள்ள கணக்கில் ‘வேகத்தின் வர்க்கம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். காற்றின் வேகம் இரு மடங்கானால் விசை நான்கு மடங்கு. அதே விசையில் கப்பலை வைத்திருக்க, பாயை நான்கில் ஒரு பங்காகச் சுருக்க வேண்டும். வேகம் நான்கரை மடங்கானால்? விசை 20 மடங்கு. அப்போது பாய்களையெல்லாம் இறக்கிவிட்டாலும் போதாது. பாய்மரங்களும் கயிறுகளும் கப்பலின் உடலுமே காற்றுக்குப் பாயாகிவிடும்.

இது வெறும் கணக்கு அன்று. உண்மையிலேயே ஒரு சுற்றுலாக் கப்பலுக்கு இது நேர்ந்தது.

‘ஃபேண்டோம்’ போன வழி

‘ஃபேண்டோம்’ நான்கு பாய்மரங்கள் கொண்ட அழகிய கப்பல். 1927இல் இத்தாலியில் கட்டப்பட்டது. நீளம் 86 மீட்டர். கரீபியன் கடலில் சுற்றுலாப் பயணிகளைப் பல ஆண்டுகள் ஏற்றிச் சென்றது. 1998 அக்டோபர் 25 அன்று, ஏறத்தாழ நூறு பயணிகளுடன் ஹாண்டுராஸ் நாட்டின் ஓமோவா துறைமுகத்திலிருந்து அது புறப்பட்டது.

அப்போது கிழக்கே, வெகு தொலைவில், ‘மிட்ச்’ என்னும் ஹரிக்கேன் வலுப்பெற்றுக்கொண்டிருந்தது. ஹரிக்கேன் என்பது வேறொன்றுமில்லை. நம் வங்கக் கடலில் உண்டாகும் புயலுக்கு அந்தக் கடலில் வழங்கும் பெயர். அடுத்த நாளே மிட்ச் ஐந்தாம் வகுப்பை எட்டியது. காற்றின் வேகம் மணிக்கு 290 கிலோமீட்டர். மையத்தில் அழுத்தம் 905 மில்லிபார்.

கப்பல் பெலிஸ் நகருக்கு விரைந்து சென்று, பயணிகள் அனைவரையும் மாலுமிகளில் சிலரையும் கரையிறக்கியது. அவர்கள் பிழைத்தார்கள். தலைவரோடு 31 பேர் கப்பலில் இருந்தார்கள். பெரும்பாலோர் கரீபியன் தீவுகளையும் அதன் கரை நாடுகளையும் சேர்ந்த தொழிலாளர்கள்.

இனி எங்கே போவது? ஹாண்டுராஸ் வளைகுடாவுக்கு மேற்கிலும் தெற்கிலும் நிலம். வடக்கே தப்பிச் செல்லப் புறப்பட்ட கப்பல், புயல் முந்திக்கொள்ளும் என்று கண்டு தெற்கே திரும்பியது. புயல் வடமேற்காகப் போகும் என்பதே அன்றைய முன்னறிவிப்பு. ஆகவே ரோவட்டான் தீவின் தென்பக்கத்தில் அலைகளுக்கு மறைவாக ஒதுங்கி நின்றால், புயல் வடக்கே கடந்து போய்விடும் என்று எதிர்பார்த்தார்கள். தீவின் மறைவில் ஒதுங்குவது மாலுமிகளின் பழைய வழிதானே.

ஆனால் மிட்ச் வடமேற்காகப் போகவில்லை. வேகம் குறைந்து, தெற்கே, அந்தத் தீவுகளை நோக்கியே திரும்பியது. கப்பல் கிழக்கே ஓடித் தப்ப முயன்றது. அக்டோபர் 27 அன்று மாலை, மணிக்குச் சுமார் 160 கிலோமீட்டர் காற்றிலும் 12 மீட்டர் உயர அலைகளிலும் போராடுவதாக வானொலியில் செய்தி வந்தது. அது விநாடிக்குச் சுமார் 45 மீட்டர். நாம் கணக்கிட்ட நான்கரை மடங்கு. பிறகு செய்தி இல்லை. சில நாட்களுக்குப் பின், ‘ஷெஃபீல்டு’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலின் ஹெலிகாப்டர், குவனாஹா தீவுக்கருகே ஃபேண்டோமின் பெயர் எழுதிய மிதவைகளைக் கண்டது. 31 பேரில் ஒருவரும் திரும்பவில்லை. கரையில் அதே புயல் பதினோராயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது.

புயல் ஏன் வழி மாறியது?

புயலுக்குத் தானாக நடக்கும் கால் இல்லை. ஆற்றில் சுழி ஒன்று சுழன்றபடியே நீரோட்டத்தோடு அடித்துச் செல்லப்படுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோலவே, புயலைச் சுற்றியுள்ள பெரிய காற்றோட்டம் அதை இழுத்துச் செல்கிறது. அட்லாண்டிக்கின் ஹரிக்கேன்கள் பலவற்றைக் கரீபியன் கடலுக்குள் தள்ளிக்கொண்டு வருவது யார் தெரியுமா? பாய்மரக் கப்பலை ஓட்டும் அதே வியாபாரக் காற்றுதான்! சுற்றியுள்ள ஓட்டம் வலுவாக இருந்தால், புயலின் வழியைக் கணிப்பது எளிது. ஓட்டம் தளர்ந்துவிட்டால், புயல் நின்று தயங்கி எந்தப் பக்கமும் நகரும். மிட்ச் விஷயத்தில் நேர்ந்தது இதுதான்.

அதன் பிறகு செயற்கைக்கோள்களும் கணிப்பொறிகளும் மிகவும் முன்னேறியுள்ளன. மூன்று நாட்களுக்கு முன்பே புயலின் இடத்தைச் சொல்வதில் 1990களில் இருந்த சராசரிப் பிழை, இன்று ஏறத்தாழப் பாதியாகிவிட்டது. ஆயினும் பிழை பூஜ்யமாகிவிடவில்லை.

அதனால்தான் இன்றைய பாய்மரக் கப்பல்கள் வேறொரு பாதுகாப்பையும் தேடுகின்றன. அட்லாண்டிக்கில் ஹரிக்கேன் பருவம் ஜூன் முதல் நவம்பர் வரை. புயல் வளரக் கடல்நீரின் வெப்பநிலை சுமார் 26.5 பாகை செல்சியஸுக்குமேல் இருக்க வேண்டும். கோடைக்குப் பின் அந்த வெப்பம் அங்கே மிகுதி. ‘ராயல் கிளிப்பர்’ கோடை மாதங்களில் அட்லாண்டிக்கைக் கடந்து மத்தியதரைக் கடலுக்குச் சென்றுவிடுகிறது. கடல் சற்றுக் குளிர்ந்து, வியாபாரக் காற்று சீராக வீசும் குளிர்காலத்தில்தான் பார்படோஸுக்குத் திரும்புகிறது. புயலை வெல்ல முயல்வதைவிட, அது வரும் காலத்தில் அங்கே இல்லாமல் இருப்பது மேல் அல்லவா?

மாணவ நண்பர்களே, உங்கள் அஞ்சலட்டை வண்டியை இன்னொரு முறை எடுங்கள். விசிறியை மெதுவாகச் சுழலவிட்டு, வண்டி ஒழுங்காக ஓடுவதைப் பாருங்கள். பிறகு விசிறியை முழு வேகத்துக்குத் திருப்புங்கள். வண்டி ஓடுகிறதா, கவிழ்கிறதா? கவிழ்ந்தால் அட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக் குறைத்து, எந்த அளவில் அது மறுபடி நிமிர்ந்து ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். கப்பல் தலைவர் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்துப் போடும் கணக்கு அதுவேதான்.